விண்வெளி நிலையத்தோடு பத்து நிமிடம்



இன்றைய பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குவோம். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஒருவரிடம் பேச உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கி உங்கள் கையில் இருக்கிறது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். உங்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லாரும் கேட்டு முடிக்க மொத்தம் பத்து நிமிடம்தான். என்ன கேட்பீர்கள்?

என் படிவம் 2 மாணவர்களிடம் இதைக் கேட்டபோது கைகள் மளமளவென உயர்ந்தன. "என்ன சாப்பிடுவீங்க?", "எப்படித் தூங்குவீங்க?", "பயமா இருக்குமா?" என்று ஆளுக்கொரு கேள்வி. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் கேள்வியை என் பக்கமே திருப்பினார். "ஏன் டீச்சர் பத்தே நிமிடம்? புலனத்தில் அழைத்தால் ஒரு மணி நேரம்கூடப் பேசலாமே!"

வகுப்பு சிரித்தது. ஆனால், அன்று கேட்ட கேள்விகளில் அதுதான் நல்ல அறிவியல் கேள்வி. அதற்கான பதிலை நாம் இன்று சேர்ந்தே கண்டுபிடிப்போம். உங்களுக்குத் தேவைப்படுவது படிவம் 1-இல் படித்த பைதகரஸ் தேற்றமும், படிவம் 3-இல் படித்த கோசைனும், ஒரு கணிப்பானும் மட்டுமே.

ஒரு கைக்கருவியில் தொடங்கிய கதை

முதலில் இந்த உரையாடல் எந்த வழியாக நடக்கிறது என்று பார்ப்போம். விண்வெளி நிலையத்தில் இணையமும் உண்டு, தொலைபேசி வசதியும் உண்டு. அவை ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் இடைமாற்றுச் செயற்கைக்கோள்கள் வழியாக நாசாவின் தரைநிலையங்களுக்கு வந்து சேர்கின்றன. பள்ளி மாணவர்கள் பேசுவது அந்த வழியில் அல்ல. பள்ளிக் கூரையில் ஓர் அலைவாங்கி, விண்வெளி நிலையத்தின் வெளிச்சுவரில் ஓர் அலைவாங்கி, இரண்டுக்கும் நடுவே வெறும் வானம். இதுதான் அமெச்சூர் வானொலி. ஹாம் வானொலி என்றும் சொல்வார்கள்.

அமெச்சூர் வானொலியாளர்கள் சம்பளத்துக்காக ஒலிபரப்புபவர்கள் அல்லர். ஆர்வத்தால் கற்று, தேர்வு எழுதி, அரசிடம் உரிமம் பெற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. உலகம் முழுவதற்கும் அதுவே அவருடைய வானொலிப் பெயர்.

1983 நவம்பர் 28-ஆம் நாள் கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. அதில் சென்ற ஓவன் கேரியட் இளமையிலிருந்தே ஹாம் வானொலியாளர். கையடக்கமான ஒரு வானொலிக் கருவியை எடுத்துச் சென்றார். அலைவாங்கியை விண்கலத்தின் சன்னலில் பொருத்திக்கொண்டு, தம் ஓய்வு நேரத்தில் பூமியில் இருந்த வானொலியாளர்களோடு பேசினார். விண்வெளியிலிருந்து அமெச்சூர் வானொலியில் பேசிய முதல் மனிதர் அவர்தான். அவரோடு பேசியவர்களில் ஜோர்டான் மன்னர் ஹுசேனும் ஒருவர். ஆம், மன்னரும் ஈடுபட்ட பொழுதுபோக்கு இது! அவருடைய அழைப்புக் குறி ஜேஒய்1.

2000 நவம்பர் 2-ஆம் நாள் முதல் மூவர் குழு அனைத்துலக விண்வெளி நிலையத்தில் குடியேறியது. அடுத்த சில வாரங்களிலேயே, டிசம்பர் 21-ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகிலுள்ள லூதர் பர்பேங்க் பள்ளி மாணவர்களோடு அந்தக் குழுவின் தலைவர் பில் ஷெப்பர்ட் ஹாம் வானொலியில் பேசினார். நிலையத்திலிருந்து ஒரு பள்ளியோடு நடந்த முதல் உரையாடல் அது. இதற்காகவே ஏரிஸ் என்னும் பன்னாட்டுத் தொண்டூழிய அமைப்பு இயங்கி வருகிறது. 2016-ஆம் ஆண்டிலேயே இத்தகைய உரையாடல்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டுவிட்டது.

நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டத்தோ டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் 2007 அக்டோபரில் நிலையத்துக்குச் சென்றார். அவருக்கும் 9டபிள்யூ2எம்யூஎஸ் என்ற அழைப்புக் குறி இருந்தது. அழைப்புக் குறியின் கடைசி மூன்று எழுத்துகளில் அவருடைய பெயர் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா, பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த பள்ளி மாணவர்களோடு இதே முறையில் பேசினார்.

ஏன் பத்து நிமிடம்?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம்.

விண்வெளி நிலையம் பேசும் அதிர்வெண் 145.8 மெகாஹெர்ட்ஸ். நீங்கள் காரில் மின்னல் எஃப்.எம். கேட்கும் பண்பலை வரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. ஆக, இரண்டும் அக்கம் பக்கத்து வீடுகள் போலத்தான். இந்த அதிர்வெண்ணுக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, சிற்றலை வானொலி அலைகளைப் போல் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிவிடாமல், அதை ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடும். இரண்டு, ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்லும். அதாவது, ஒலிபரப்பியும் அலைவாங்கியும் ஒன்றையொன்று 'பார்க்க' வேண்டும். நடுவில் பூமியின் வளைவு வந்துவிட்டால் அவ்வளவுதான்.

இதனால்தான் பண்பலை ஒலிபரப்பிகளை மலையுச்சியில் வைக்கிறார்கள். கெந்திங் பக்கம் போகும்போது குனோங் உலு காலி மேலே தெரியும் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். உயரம் கூடக்கூடத் தொடுவானம் விலகிப் போகும். கணக்கிட்டுப் பார்ப்போம்.

பூமியின் மையம், தொடுவானத்தில் நிற்கும் நீங்கள், மேலே இருக்கும் ஒலிபரப்பி ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில்தான் செங்கோணம். பூமியின் ஆரம் 6,370 கி.மீ. நிலையத்தின் உயரம் 400 கி.மீ.க்குச் சற்று மேல். கணக்கு எளிதாக இருக்க 400 என்றே கொள்வோம். அப்படியானால் கர்ணம் 6,370 + 400 = 6,770 கி.மீ.

தொலைவு² = 6,770² − 6,370² = 5,256,000

தொலைவு = ஏறத்தாழ 2,290 கி.மீ.

இதே முறையில் மற்றவற்றையும் கணக்கிட்டேன். தரையில் 1.5 மீட்டர் உயரத்தில் வாக்கி டாக்கி பிடித்திருப்பவருக்குத் தொடுவானம் 4 கி.மீ.க்குச் சற்று மேல். 1,700 மீட்டர் மலையுச்சியில் உள்ள கோபுரத்துக்குச் சுமார் 150 கி.மீ. 400 கி.மீ. உயர நிலையத்துக்கு 2,290 கி.மீ. பக்கத்து ஊருக்கே எட்டாத அதே வகைக் கருவி விண்வெளிக்கு எட்டுவது இதனால்தான். அங்கே அதிகச் சக்தி தேவையில்லை. நிலையத்தில் உள்ள ஒலிபரப்பியின் சக்தி வீட்டு மின்விளக்கின் அளவுதான். மலையை மட்டும் 400 கி.மீ. உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறோம்.

ஆனால், இந்த மலை நிற்பதில்லை. அது நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு நாம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டுகிறோம். நிலையம் அந்த நேர்த்தொலைவை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். பூமியை ஒருமுறை சுற்ற அதற்கு ஏறத்தாழ 92.5 நிமிடம் போதும்.

இனி கோசைன். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால், உங்களுக்கும் தொடுவானத்தில் எழும் நிலையத்துக்கும் இடையே உள்ள கோணம் எவ்வளவு?

கோசைன் = 6,370 ÷ 6,770 = 0.941. கோணம் = ஏறத்தாழ 19.8 பாகை.

எழும்போது ஒரு பக்கம் 19.8 பாகை, மறையும்போது மறுபக்கம் 19.8 பாகை. மொத்தம் 39.6 பாகை. முழுச் சுற்று 360 பாகைக்கு 92.5 நிமிடம் என்றால் 39.6 பாகைக்கு:

(39.6 ÷ 360) × 92.5 = 10.2 நிமிடம்

இதுதான் பதில், மாணவர்களே. பத்து நிமிடம் என்பது யாரோ அலுவலகத்தில் அமர்ந்து போட்ட விதி அல்ல. பூமியின் உருண்டை வடிவமும் நிலையத்தின் உயரமும் வேகமும் சேர்ந்து கொடுத்த நேரம். எந்தத் தலைமையாசிரியர் கடிதம் எழுதினாலும் பதினொன்றாவது நிமிடம் கிடைக்காது. நிலையம் நம் தலைக்கு நேர் மேலே கடந்தால்தான் இந்தப் பத்து நிமிடமும்கூட. வானத்தின் ஓரமாகக் கடந்து போனால் இன்னும் குறையும்.

குரல் மெலிவதும் அதிர்வெண் நழுவுவதும்

இத்தகைய உரையாடல்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டால் ஒன்றைக் கவனிப்பீர்கள். முதலில் வெறும் இரைச்சல். தரைநிலைய வானொலியாளர் நிலையத்தின் அழைப்புக் குறியான என்ஏ1எஸ்எஸ் என்பதைச் சொல்லித் திரும்பத் திரும்ப அழைப்பார். பதில் இல்லை. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு இரைச்சலுக்குள் ஒரு குரல் மங்கலாக எழும். இரண்டொரு நிமிடத்தில் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல் தெளிந்துவிடும். கடைசியில் மறுபடி மங்கி, இரைச்சலில் மூழ்கிவிடும்.

காரணம் தலைகீழ் வர்க்க விதி. தலைக்கு மேலே இருக்கும்போது தொலைவு 400 கி.மீ. தொடுவானத்தில் இருக்கும்போது 2,290 கி.மீ. இது 5.7 மடங்கு. தொலைவு 5.7 மடங்கானால் சமிக்ஞையின் வலிமை 5.7 × 5.7, அதாவது ஏறத்தாழ 33-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் வானொலியாளர்கள் நீளமான கம்பிகள் கொண்ட அலைவாங்கியை மோட்டாரில் பொருத்தி, நிலையம் போகும் திசையெல்லாம் அதைத் திருப்புகிறார்கள். சூரியகாந்திப் பூ சூரியனைப் பார்ப்பது போல் என்று சொல்லலாம். ஆனால், இந்தப் பூ பத்தே நிமிடத்தில் வானத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை திரும்ப வேண்டும்.

அதிர்வெண்ணும் ஓரிடத்தில் நிற்காது. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கூர்மையாகவும், கடந்து போனபின் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அதே டாப்ளர் விளைவு வானொலி அலைக்கும் உண்டு. தொடுவானத்தில் எழும் நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.2 கி.மீ. வேகத்தில் நம்மை நெருங்குகிறது. ஒளியின் வேகம் நொடிக்கு 300,000 கி.மீ.

அதிர்வெண் மாற்றம் = 145,800,000 × (7.2 ÷ 300,000) = ஏறத்தாழ 3,500 ஹெர்ட்ஸ்

ஆக, நிலையம் வரும்போது 145.8035 மெகாஹெர்ட்ஸ் அருகிலும், நம்மை மிக நெருங்கும் கணத்தில் சரியாக 145.800-இலும், விலகும்போது 145.7965 அருகிலும் கேட்கும். பூமியின் சுழற்சியையும் சேர்த்துக்கொண்டால் இந்த எண்கள் சற்று மாறும். மாற்றம் சிறியதுதான் என்றாலும் மங்கலான சமிக்ஞையைப் பிடிக்க முயலும்போது அதுவும் முக்கியம்.

ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க வேண்டும்

தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். பேசுகிறோம், சண்டையும் போடுகிறோம். இங்கே அது நடக்காது. பேசும் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை உங்களுக்கு எதுவும் கேட்காது. அதனால் கேள்வியை முடித்ததும் "ஓவர்" என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். "ஓவர்" என்றால் 'என் முறை முடிந்தது, இனி உங்கள் முறை' என்று பொருள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 400 கி.மீ. உயரத்திலிருந்து நிலையம் பார்க்கும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 4,400 கி.மீ. அது கோலாலம்பூருக்கு மேலே இருக்கும்போது சிங்கப்பூர், ஜகார்த்தா, பேங்காக், கோத்தா கினபாலு எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். அத்தனை ஊர் வானொலியாளர்களும் ஒரே நேரத்தில் அழைத்தால் விண்வெளி வீரருக்கு யாருடைய குரலும் புரியாது. அதனால், பள்ளிகள் மேலே பேசுவதற்கான அதிர்வெண்ணை ஏரிஸ் வெளியில் சொல்வதில்லை. கீழே வரும் குரலை மட்டும் 145.800-இல் யாரும் கேட்கலாம். ஒரு பள்ளியின் பத்து நிமிடத்துக்காகப் பல நாட்டு வானொலியாளர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் பெற்ற வானொலியாளர் ஒருவர் கருவியைக் கட்டுப்படுத்தியபடி பக்கத்தில் இருந்தால் போதும். பள்ளியில் நிலையம் அமைக்க முடியாவிட்டாலும், நிலையம் பள்ளி நேரத்தில் அந்த நாட்டுக்கு மேலே வராவிட்டாலும், வேறு நாட்டிலுள்ள தரைநிலையம் வானொலியில் பேசும். பள்ளி அந்தத் தரைநிலையத்தோடு தொலைபேசி அல்லது இணையம் வழியாக இணைந்துகொள்ளும்.

வரிசையின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அழைப்புக்கும் நன்றி சொல்வதற்கும் ஒரு நிமிடம் போனால் மீதி 540 வினாடி. கேள்விக்கு 10 வினாடி, பதிலுக்கு 25 வினாடி என்றால் 15 மாணவர்கள் பேசலாம். முதலில் நிற்பவர் "அனைவருக்கும் என் இனிய வணக்கம், என் பெயர், என் பள்ளி, என் ஊர்" என்று 35 வினாடியைச் செலவழித்தால் என்ன ஆகும்? அவருக்கு ஒன்றும் ஆகாது. வரிசையின் கடைசியில், பல வாரங்களாகத் தன் கேள்வியை மனனம் செய்து வந்த பதினைந்தாவது பிள்ளைக்கு முழுப் பதிலையும் கேட்க நேரம் மிஞ்சாது. அதனால்தான் பள்ளிகள் கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு பலமுறை ஒத்திகை பார்க்கின்றன. கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பியும் விடுகின்றன.

எங்கள் திடலில் நடந்தது

இவ்வளவும் சொன்ன நானே தடுமாறிய கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நிலையம் சில நாள்களில் படங்களை ஒலியாக மாற்றி 145.800-இல் அனுப்பும். ஒவ்வொரு படமும் ஏறத்தாழ இரண்டு நிமிட ஒலி. வானொலியின் ஒலிபெருக்கி அருகே கைப்பேசியை வைத்து, அதற்கான செயலியைத் திறந்தால், படம் மேலிருந்து கீழே வரி வரியாகத் திரையில் உருவாகும். அப்படி ஒரு சனிக்கிழமை, அறிவியல் கழக மாணவர்களைப் பள்ளித் திடலுக்கு வரச் சொன்னேன். உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் தம் கருவியோடு வந்தார். அட்டவணையில் நிலையம் கடக்கும் நேரம் 8:12 என்று இருந்தது.

காலை எட்டு மணிக்கே அலைவாங்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். 8.12 ஆனது. இரைச்சல். 8.20 ஆனது. அதே இரைச்சல். நண்பர் கருவியைத் தட்டிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். படிவம் 1 மாணவர் ஒருவர் அட்டவணையைக் கையில் எடுத்து, "டீச்சர், நேரத்துக்குப் பக்கத்தில் யூடிசி என்று போட்டிருக்கே, அப்படின்னா என்ன?" என்று கேட்டார்.

அப்படியென்றால் உலகப் பொது நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் அதைவிட 8 மணி நேரம் முன்னால் உள்ளன. 8:12 என்பது நமக்கு மாலை 4.12. பாடம் நடத்தும் நானே அதைப் பார்க்கவில்லை! மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மாலையில் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். மேகம் சூழ்ந்திருந்தது, ஆனால், இந்த அலைகளுக்கு மேகம் தடையில்லை. 4.13-க்கு இரைச்சலுக்குள்ளிருந்து பறவை கீச்சிடுவது போன்ற ஒலி எழுந்தது. எங்களுக்குக் கிடைத்த முதல் படத்தின் மேல்பகுதி முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. கீழே வர வரத் தெளிந்தது. அடுத்த படம் அதற்கு நேர் எதிர்: மேலே தெளிவு, கீழே புள்ளிகள். "டீச்சர், இந்தப் படத்திலேயே அந்த 33 மடங்கு தெரியுது!" என்றார் காலையில் யூடிசி கேட்ட அதே மாணவர். தலைகீழ் வர்க்க விதியை நான் அதைவிட நன்றாகக் கரும்பலகையில் காட்டியதில்லை.

எந்தக் கேள்வி நல்ல கேள்வி?

மறுவாரம் வகுப்பில் அதே முதல் கேள்வியை மீண்டும் கேட்டேன். இந்த முறை யாரும் உடனே கையை உயர்த்தவில்லை. பத்து நிமிடம் எப்படி வந்தது என்று தெரிந்தபின் அதை வீணாக்க மனம் வருவதில்லை.

நாங்கள் மூன்று விதிகள் வகுத்துக்கொண்டோம். புத்தகத்தில் பதில் இருக்கும் கேள்வியைக் கேட்கக் கூடாது. நிலையத்தின் நீளத்தை நூலகத்திலேயே தெரிந்துகொள்ளலாம். 'ஆம், இல்லை' என்று முடியும் கேள்வியைக் கேட்கக் கூடாது. இரைச்சலில் கேட்டாலும் புரியும்படி, பத்து வினாடிக்குள் அடங்க வேண்டும்.

"சாப்பாடு எப்படி இருக்கும்?" என்று முதல் நாள் கேட்டவர் அதை, "பூமியில் சுவையாக இருந்து, அங்கே சுவை மாறிப்போன உணவு எது?" என்று திருத்தினார். "பயமா இருக்குமா?" என்றது, "எந்த ஓசை கேட்டால் உடனே எழுந்துவிடுவீர்கள்?" என்று மாறியது. "ஏன் பத்தே நிமிடம்?" என்று கேட்ட மாணவி இப்படி எழுதியிருந்தார்: "இரவில் எங்கள் நாட்டுக்கு மேலே வரும்போது உங்கள் கண்ணில் முதலில் படும் வெளிச்சம் எது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேலே இருப்பவரால் மட்டும்தான் சொல்ல முடியும். அதனால் அது நல்ல கேள்வி.

நாசாவும் மற்ற நாடுகளும் 2030-ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்த நிலையத்தைச் சுற்றுப்பாதையிலிருந்து இறக்கிக் கடலில் விழச் செய்யத் திட்டமிட்டுள்ளன. ஆகவே, பள்ளியில் ஆர்வமுள்ளவர்கள் இப்போதே அறிவியல் கழக ஆசிரியரிடம் பேசுங்கள். மலேசியாவில் மார்ட்ஸ், சிங்கப்பூரில் சார்ட்ஸ் என்னும் அமெச்சூர் வானொலிச் சங்கங்கள் இருக்கின்றன. ஏரிஸ் அமைப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பள்ளி முதலில் ஒரு வானொலியாளரின் துணையைத் தேடிக்கொள்வது நல்லது.

செய்து பாருங்கள்

1. நிலையம் உங்கள் ஊரைக் கடக்கும் நேரத்தை இணையத்தில் தேடிக் கண்டுபிடியுங்கள். அது உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்று பார்க்க மறக்காதீர்கள் (நான் மறந்தேன்!).

2. உரிமம் பெற்ற வானொலியாளரோடு திறந்த திடலுக்குச் சென்று 145.800-இல் கேளுங்கள். கேட்பது மட்டும்தான் உங்கள் வேலை. உரிமம் இல்லாமல் பேசும் பொத்தானைத் தொடக் கூடாது.

3. ஒலி தொடங்கிய நேரத்தையும் மறைந்த நேரத்தையும் குறித்து, நம் 10.2 நிமிடக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஏன் குறைந்தது என்று சிந்தியுங்கள்.

பயிற்சி

1. நிலையம் தலைக்கு நேர் மேலே 400 கி.மீ. உயரத்தில் இருக்கும்போது அதன் குரல் நம்மை வந்தடைய எவ்வளவு நேரம் ஆகும்?

2. நிலையத்தின் உயரம் 800 கி.மீ. என்றால் தொடுவானத் தொலைவு எவ்வளவு?

3. நிலையம் 437.8 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் ஒலிபரப்புவதுண்டு. அதில் டாப்ளர் மாற்றம் எவ்வளவு இருக்கும்?

4. பத்து வினாடிக்குள் கேட்டு முடிக்கக்கூடிய உங்கள் கேள்வியை எழுதுங்கள். நண்பரை நேரம் பார்க்கச் சொல்லி உரக்கப் படியுங்கள். கடைசியில் "ஓவர்" சொல்ல வேண்டும்.

விடைகள்: 1) ஏறத்தாழ 0.0013 வினாடி. 2) ஏறத்தாழ 3,290 கி.மீ. 3) ஏறத்தாழ 10,500 ஹெர்ட்ஸ். 4) இதன் விடை உங்களிடம்தான் இருக்கிறது. ஓவர்.